குட்டியைக் கொடுத்தாச்சு... ஆபரேஷன் நடந்ததா? நாய் தத்தெடுப்பில் தவறிப்போகும் ஒரு வாக்குறுதி

ஞாயிற்றுக்கிழமை காலை. பூங்கா வாசலிலோ, செல்லப்பிராணிக் கடை முன்னாலோ ஒரு மேசை. பக்கத்தில் இரண்டு மூன்று அட்டைப்பெட்டிகள். உள்ளே பழைய துணி மேல் சுருண்டு கிடக்கும் நாட்டு நாய்க் குட்டிகள். வயது 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் இருக்கும். வேடிக்கை பார்க்க வந்த இளம் தம்பதி பழுப்பு நிறக் குட்டி ஒன்றைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. ஆதார் நகல், போன் நம்பர், ஒரு படிவம். படிவத்தின் கடைசியில் ஒரு வரி: ‘6 மாதம் ஆனதும் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுவேன்.’ கையெழுத்து. ஒரு செல்ஃபி.

சில மாதம் கழித்து தன்னார்வலர் வாட்ஸ்அப்பில் கேட்பார்: “அக்கா, பாப்பா எப்படி இருக்கா? ஆபரேஷனுக்கு டேட் வாங்கிட்டீங்களா?” பதிலாக, சோஃபாவில் மல்லாந்து தூங்கும் நாயின் போட்டோ வரும், கூடவே இரண்டு இதயம். டேட் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அடுத்த மாதம் கேட்டால், “ஊருக்கு வந்திருக்கோம்ப்பா, திரும்பினதும் பண்ணிடறோம்.” அதற்கடுத்த மாதம் ஒற்றை டிக்.

நாய்க்குட்டிகளைத் தத்துக் கொடுக்கும் யாரைக் கேட்டாலும் இந்த உரையாடல் மனப்பாடமாக இருக்கும். குட்டியை வாங்கிக்கொண்டவர்கள் மோசமானவர்கள் இல்லை. கையெழுத்துப் போட்ட அன்று உண்மையாகவே செய்வதாகத்தான் நினைத்தார்கள். பிறகு எங்கே தவறுகிறது? அதைத் தடுக்க என்ன வழி?

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லி மற்றும் சுற்றுவட்டாரத் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். நாடு முழுக்க விவாதம் வெடித்தது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை மாற்றியது. கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் எல்லாம் முடித்து, பிடித்த இடத்திலேயே நாய்களை விட வேண்டும். ரேபிஸ் தொற்று உள்ளவை, மூர்க்கமானவை மட்டும் விதிவிலக்கு என்பதுதான் செய்திகளில் பெரிதாக வந்த பகுதி. பலர் கவனிக்காத இன்னொரு பகுதியும் அதில் உண்டு. விருப்பம் உள்ளவர்கள் தெரு நாய்களைத் தத்தெடுக்க உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். அந்த நாய்க்கு அடையாள டேக் போடப்படும். அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு.

தத்தெடுத்த நாய் தெருவுக்குத் திரும்பக் கூடாது, சரி. அந்த நாய் போட்ட குட்டிகள் வந்தால்?

விதி ஏற்கெனவே இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் (ஏபிசி விதிகள் என்று செய்திகளில் வருவது) வளர்ப்பு நாயின் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை மூன்றையும் உரிமையாளரின் பொறுப்பு என்கின்றன. தெரு நாய்க்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் வேலை. காப்பகத்துக் குட்டி இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நேற்றுவரை அது தெருவின் குட்டி. கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து வீட்டு நாய். அந்த நிமிடம் முதல் மாநகராட்சியின் நாய் பிடிக்கும் வண்டி அதன் பக்கம் வராது. உரிமையாளரும் மறந்துவிட்டால் அதைக் கேட்க யாரும் இல்லை. வீடு வீடாக வந்து “ஆபரேஷன் பண்ணியாச்சா?” என்று பார்க்கும் ஏற்பாடு நம் ஊரில் எங்கும் கிடையாது.

ஆபரேஷன் முடித்தே கொடுத்தால் என்ன?

யாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான். வளர்ந்த நாய் என்றால் நல்ல காப்பகங்கள் அப்படித்தான் கொடுக்கின்றன. சிக்கல் குட்டிகளில்தான்.

மக்கள் கேட்பது குட்டியை. 6 மாதமான நாயை, அது எவ்வளவு சமர்த்தாக இருந்தாலும், பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நம் ஊரில் கருத்தடை பொதுவாக 6 மாத வயதை ஒட்டித்தான் செய்யப்படுகிறது. அதுவரை குட்டியைக் காப்பகத்திலேயே வைத்திருந்தால், பார்வோ அல்லது டிஸ்டெம்பர் வந்தால் போச்சு. பார்வோ வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தினமும் வெளியிலிருந்து நாய்கள் வந்து சேரும் இடத்தில், தடுப்பூசி முழுதாக முடியாத குட்டிக்கு அது மரண வாசல். ஒரு கூண்டில் ஒன்றுக்கு வந்தால் அந்த ஈற்றில் பிறந்த எல்லாக் குட்டிகளும் போய்விடலாம். அதனால் சீக்கிரம் ஒரு வீட்டுக்கு அனுப்புவதுதான் குட்டியின் உயிருக்கு நல்லது.

ஆக, 2 மாதத்தில் குட்டி கைமாறுகிறது. ஆபரேஷன் 6 மாதத்தில். நடுவில் இருக்கும் 4 மாதத்தில்தான் அந்த வாக்குறுதி காணாமல் போகிறது.

தனிநபர்கள் மூலம் நடக்கும் தத்தெடுப்பில் இது இன்னும் மோசம். இன்று பாதிக் குட்டிகள் இன்ஸ்டாகிராம் ஸ்டோரி வழியாகத்தான் வீடு போய்ச் சேருகின்றன என்றுகூடத் தோன்றும். கொடுப்பவர் தெருவில் சோறு வைக்கும் ஒரு கல்லூரி மாணவியாக இருப்பார். அவருக்கு அலுவலகம் இல்லை, பதிவேடு இல்லை. பரீட்சை வந்தால் ஃபாலோ அப்பும் நின்றுவிடும்.

‘பண்ணிடறோம்’ ஏன் தள்ளிப்போகிறது?

முதல் காரணம் பணம். தனியார் கிளினிக்கில் பெண் நாய்க்கான அறுவை சிகிச்சைக்கு, ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து எல்லாம் சேர்த்து சில ஆயிரங்கள் ஆகும். வயிற்றைத் திறந்து கருப்பையையும் சூலகங்களையும் எடுக்க வேண்டியிருப்பதால் ஆண் நாயைவிட இதற்குச் செலவு அதிகம். இலவசமாகக் கிடைத்த குட்டிக்கு இவ்வளவா என்ற எண்ணம் வரத்தான் செய்யும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு இடங்களில் செலவு குறைவு. ஆனால் அலுவலக நாளில் நாயோடு போய் வரிசையில் நிற்க வேண்டும்.

இரண்டாவது காரணம் லீவு. இதை யாரும் படிவத்தில் எழுதுவதில்லை. ஆபரேஷன் அரை நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு 10 முதல் 14 நாள் தையலை நக்காமல், குதிக்காமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டிக்கொண்டு கதவிலும் கட்டிலிலும் இடித்துக்கொள்ளும் நாயைத் தனியாக விட்டுவிட்டு ஆபீஸ் போக முடியாது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இந்த ஒரு விஷயமே ஆறு மாதம் தள்ளிப்போட வைக்கும்.

மூன்றாவது, மனம். ‘ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் அதுக்கு நல்லது’ என்பார் மாமியார். இதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை. ‘ஆம்பள நாய்தானே, நம்ம வீட்லயா குட்டி போடப்போகுது?’ என்பார் அப்பா. ‘அப்புறம் காவல் காக்காது’ என்பார் பக்கத்து வீட்டுக்காரர். சோஃபாவில் தூங்குவதைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிற உயிரைக் கொண்டுபோய்க் கத்திக்குக் கொடுப்பதா என்று அவர்களுக்கே தோன்றும். பாசத்தாலேயே தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களை மிரட்டிப் பயனில்லை.

நான்காவது காரணம் கொஞ்சம் சங்கடமானது. மருத்துவர்களே வேறு வேறு வயது சொல்கிறார்கள். காப்பகம் 6 மாதம் என்கிறது. பக்கத்துத் தெரு கிளினிக்கில், “ஒரு ஹீட் முடியட்டும், ஒரு வயசுல பார்த்துக்கலாம்” என்கிறார்கள். தள்ளிப்போட ஏற்கெனவே மனம் தேடிக்கொண்டிருக்கும்போது டாக்டரே காரணம் கொடுத்தால் எப்படி இருக்கும்?

மருத்துவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா?

ஓரளவு இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013இல் கோல்டன் ரெட்ரீவர் நாய்களை ஆராய்ந்தபோது, ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்யப்பட்டவற்றில் மூட்டுப் பிரச்சினைகள் அதிகம் இருந்தன. 2020இல் அவர்களே கலப்பின நாய்களைப் பார்த்தார்கள். வளர்ந்தபின் 20 கிலோவுக்கு மேல் எடை வரும் நாய்களில்தான் அந்த ஆபத்து தெரிந்தது, சிறிய நாய்களில் இல்லை. நம் நாட்டு நாய்கள் பலவும் அந்த 20 கிலோ கோட்டை ஒட்டியோ, அதற்குக் கீழேயோதான் நிற்கின்றன.

மறுபக்கமும் உண்டு. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு நடுவயதில் கருப்பையில் சீழ் வைக்கும் பயோமெட்ரா வரலாம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். முதல் ஹீட்டுக்கு முன்பே ஆபரேஷன் செய்தால் மார்புக் கட்டி ஆபத்து மிகவும் குறையும் என்பது 1969இலிருந்து சொல்லப்படுகிறது. அந்தப் பழைய ஆதாரம் அவ்வளவு வலுவானதல்ல என்று பின்னால் வந்த மறு ஆய்வுகள் சொன்னதையும் குறிப்பிட வேண்டும். நம் தெருக்களுக்கே உரிய ஒன்று, இணைசேர்வதால் பரவும் டிவிடி என்ற பிறப்புறுப்புக் கட்டி. கதவு திறந்திருந்த ஒரு மாலையில் ஓடிப்போய்த் திரும்பிவரும் நாய்க்கு, ஆணோ பெண்ணோ, இது ஒட்டிக்கொள்ளலாம்.

உயர் மதில், எப்போதும் கயிறு, ஹீட் நாட்களில் கண் இமைக்காத காவல் என்று இருக்கும் வீட்டில் ஒரு வயதுவரை காத்திருப்பது நியாயமான முடிவு. கேட் திறந்தே கிடக்கும் தனி வீட்டில், வாட்ச்மேன் அவிழ்த்துவிடும் அபார்ட்மென்ட்டில் அது சூதாட்டம். முதல் ஹீட் 6 முதல் 9 மாதத்தில் வரும். கர்ப்பகாலம் சுமார் 63 நாள். கணக்குப் போட்டுப் பார்த்தால், முதல் பிறந்தநாள் கேக் வெட்டுவதற்கு முன்பே நாய் தாயாகிவிடலாம்.

அந்தக் குட்டிகள் என்ன ஆகின்றன?

ஒரு ஜோடி நாய் ஆறு வருடத்தில் பல்லாயிரம் குட்டிகளாகப் பெருகும் என்றொரு படம் இணையத்தில் சுற்றுகிறது. பிறந்த குட்டி எல்லாம் பிழைத்து, எல்லாம் குட்டி போட்டால்தான் அந்தக் கணக்கு வரும். தெரு அப்படி இல்லை.

கொல்கத்தா ஐசர் நிறுவன ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்தில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெரு நாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கண்காணித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழாவது மாதத்தை, அதாவது இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. ஐந்தில் நான்கு போய்விட்டன. அதிலும் பெரும்பங்கு மனிதர்களால். வண்டியில் அடிபட்டவை, அடித்துக் கொல்லப்பட்டவை, யாரோ எடுத்துப் போனவை.

எனவே தள்ளிப்போன ஒரு ஆபரேஷனின் விலை, ஊரில் நாய்கள் கூடிவிடும் என்பது மட்டும் அல்ல. அட்டைப்பெட்டியில் வைத்துக் கோயில் வாசலில் விடப்படும் ஐந்து குட்டிகளில் நான்கு சாகும். மிஞ்சும் ஒன்று தடுப்பூசி போடாத நாயாக வளரும். சென்னையில் 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் தெரு நாய்கள் சுமார் 1.8 லட்சம். அந்த எண்ணிக்கையில் எத்தனை, வீட்டிலிருந்து வந்தவற்றின் வாரிசு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

பெண் குட்டிகளுக்கு இதில் இன்னொரு அநியாயமும் நடக்கிறது. முகாமில் கடைசிவரை பெட்டியில் கிடப்பவை அவைதான். ‘ஆண் குட்டி இருக்கா?’ என்பதுதான் முதல் கேள்வி. தப்பித்தவறி வீடு கிடைத்த பெண் குட்டியும், முதல் ஹீட்டில் வாசலில் நாலு ஆண் நாய்கள் வந்து நின்றதும் தெருவில் விடப்படுவது உண்டு. உரிய நேரத்தில் ஆபரேஷன் நடந்திருந்தால் அந்த வாசல் காட்சியே இருந்திருக்காது.

சட்டம் போட்ட ஊர்களில் என்ன நடந்தது?

இந்தச் சிக்கலோடு அதிக காலம் மல்லுக்கட்டியது அமெரிக்கா. அங்கும் முதலில் கையெழுத்தைத்தான் நம்பினார்கள். வெறும் ஒப்பந்தத்தை நம்பிக் கொடுத்த இடங்களில், சொன்னபடி கருத்தடை செய்தவர்கள் 60 சதவீதத்தைத் தாண்டுவதில்லை என்று கால்நடை மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்ட பத்து பேரில் நான்கு பேர் செய்யவில்லை. அதுவும் காப்பகங்களுக்கு நிதியும் ஊழியர்களும் இருக்கும் நாட்டில்.

டெக்சாஸ் மாநிலச் சட்டம் இந்த ஓட்டையை எழுத்தால் அடைக்கப் பார்க்கிறது. கருத்தடை செய்யாத நாயைக் கொடுத்தால் ஒப்பந்தத்தில் தேதி இருந்தே ஆக வேண்டும். வளர்ந்த நாய் என்றால் 30 நாள். குட்டி என்றால், பெண் 6 மாதத்தையும் ஆண் 8 மாதத்தையும் எட்டும் நாளிலிருந்து 30 நாள். ஆபரேஷன் முடிந்த ஒரு வாரத்துக்குள் மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம் காப்பகத்துக்கு வர வேண்டும். நாய் இறந்துவிட்டதா? அதற்கும் கடிதம். காணாமல் போனதா, திருட்டுப் போனதா? அதற்கும் ஒரு கடிதம். எந்தக் கடிதமும் வரவில்லை என்றால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தை மீறுவது அங்கே சிறு குற்றம்.

படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கடிதத்தையும் எதிர்பார்த்து, வராததைத் துரத்த ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் சட்டம் காகிதம்தான். குழந்தைகள் அழ அழ ஒரு வீட்டிலிருந்து நாயைத் தூக்கிக்கொண்டு வர எந்தக் காப்பக ஊழியருக்கு மனம் வரும்? அப்படித் தூக்கி வந்தாலும் வைக்கக் கூண்டு எங்கே?

கலிஃபோர்னியா வேறு வழியில் போனது. அங்கே ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுண்டிகளில், கருத்தடை செய்யாமல் நாயைக் கொடுக்கவே கூடாது என்பதுதான் அடிப்படை விதி. உடல்நிலை சரியில்லை, இப்போது ஆபரேஷன் தாங்காது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் விலக்கு. அப்போதும் 40 முதல் 75 டாலர் வரை டெபாசிட் வாங்குவார்கள். ஆபரேஷன் செய்ததற்கான சான்று காட்டினால் பணம் திரும்பும்.

அப்படியென்றால் அங்கே 2 மாதக் குட்டிகளுக்கு? ஆபரேஷன் செய்துதான் கொடுக்கிறார்கள். இதற்கு வழி திறந்தது 1987இல் லியோ லீபர்மேன் என்ற கால்நடை மருத்துவர் எழுதிய ஒரு கட்டுரை. 2 மாத வயதிலேயே கருத்தடை செய்யலாம் என்று அவர் வாதிட்டபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். இன்று அமெரிக்கக் காப்பகங்களில் 6 முதல் 8 வாரக் குட்டிக்கு, எடை ஒரு கிலோவை ஒட்டி இருந்தால், செய்வது சாதாரணம். குட்டிக்குக் கொழுப்பு குறைவு, ரத்தப்போக்கு குறைவு, சீக்கிரம் எழுந்து சாப்பிட ஆரம்பித்துவிடும். ஆனால் உடல் சூடு சட்டென்று இறங்கும், சர்க்கரை அளவும் இறங்கும். மணிக்கணக்கில் பட்டினி போட முடியாது. வெப்ப மெத்தை, பழகிய கை இரண்டும் வேண்டும்.

இது பாதுகாப்பானதா என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காப்பகத்திலிருந்து போன 1,842 நாய்களை 11 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து பார்த்து, 2004இல் எழுதினார்கள். ஆண் குட்டிகளில் பெரிய கவலை தென்படவில்லை. பெண் குட்டிகளில், 3 மாதத்துக்கு முன் செய்தால் பின்னாளில் சிறுநீர் கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. முடிந்தால் 3 மாதமாவது பொறுங்கள் என்றார்கள்.

இங்கே எது நடக்கும்?

அமெரிக்க முறையை அப்படியே கொண்டுவர முடியாது. தடுப்பூசி முடியாத 8 வாரக் குட்டியை, தெரு நாய்கள் வந்து போகும் ஆபரேஷன் அறையில் படுக்க வைப்பதே பார்வோவைக் கூப்பிடுவதுபோல. இவ்வளவு சின்ன உடலில் கத்தி வைக்கப் பழகிய மருத்துவர்களும் இங்கே குறைவு. சட்ட வழியும் நொண்டுகிறது. தத்தெடுப்புப் படிவம் ஓர் ஒப்பந்தம்தான். ஆனால் ‘செய்யாவிட்டால் 25,000 ரூபாய்’ என்று எழுதி வாங்கினாலும், இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடு எதுவோ அதுதான் கிடைக்கும். அதற்காக எந்தத் தன்னார்வலர் கோர்ட்டு படி ஏறப்போகிறார்?

மிச்சம் இருப்பது ஒரே வழி. அந்த 4 மாத இடைவெளியில் வாக்குறுதியைத் தத்தெடுத்தவரின் ஞாபகத்தில் மட்டும் விட்டுவைக்காமல், வேறு யாராவது கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

‘செய்துவிடுவேன்’ என்ற வரிக்குப் பதில் ஒரு தேதி, ஒரு கிளினிக் பெயர், முன்பணம் கட்டிய ரசீது. குட்டியைக் கொடுக்கும்போதே இது மூன்றும் கையில் இருந்தால் நிலைமை வேறு. ஆபரேஷன் செலவைத் தத்தெடுப்பு நாளிலேயே வாங்கி, கிளினிக்கிலேயே கட்டிவிடுவது டெபாசிட்டைவிட நல்லது. டெபாசிட் என்பது ‘போனால் போகட்டும்’ என்று விடக்கூடிய பணம். ஏற்கெனவே கட்டிய ஆபரேஷனை வீணாக்க நம் ஆட்களுக்கு மனசு வராது. ‘காசு கேட்டால் யார் எடுப்பார்கள்?’ என்று காப்பகங்கள் பயப்படுவதும் புரிகிறது. முடியாதவர்களுக்கு நன்கொடையாளர் ஒருவர் அந்த ரசீதைக் கட்டலாம். ஆனால் ஆபரேஷன் செலவைக் கேட்டதுமே பின்வாங்கும் ஒருவர், நாளை பார்வோ சிகிச்சைக்கு என்ன செய்வார் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, முழு உரிமையைத் தள்ளிவைப்பது. ஆபரேஷன் முடியும்வரை நாய் காப்பகத்துடையது, வீட்டில் இருப்பது வளர்ப்புப் பொறுப்பு மட்டும் என்று எழுதிக்கொள்வது. வெளிநாட்டுக் காப்பகங்களில் இது பழகிய முறை. சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. கெடுவும் சில முறை தள்ளிப்போனது. அந்தச் சிப் காப்பகத்திலேயே போடப்பட்டு, கருத்தடை நடந்ததா இல்லையா என்பதும் அதே பதிவில் ஏறினால், அடுத்த உரிமப் புதுப்பித்தலில் கேள்வி தானாக எழும். தனியாக ஒரு சட்டம்கூடத் தேவையில்லை.

செலவே இல்லாத ஒரு வழியும் உண்டு. ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகள் ஐந்து வீட்டுக்குப் போயிருந்தால், அந்த ஐந்து வீட்டையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது. எல்லாக் குட்டிக்கும் ஒரே வயது, எனவே ஒரே வாரத்தில் ஆபரேஷன் வைக்கலாம். வண்டி வாடகையைப் பங்கு போடலாம். ‘உங்க பையன் எத்தனை நாள்ல சாப்பிட்டான்?’ என்று பயத்தை ஒருவருக்கொருவர் தணிக்கலாம். தன்னார்வலர் பத்து தடவை கேட்பதைவிட, அண்ணன் நாய் கூம்பு மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு போட்டோ அதிகம் வேலை செய்யும்.

குட்டிகள் பற்றிய பேச்சில் தாய் நாயைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஐந்து குட்டிக்கும் வீடு பிடித்துவிட்டு, தாயை அதே தெருவில் அப்படியே விட்டுவந்தால், அடுத்த ஹீட்டில் அதே முனையில் அதே அட்டைப்பெட்டி. பால் மறக்கடித்த கையோடு அதற்கும் ஏபிசி மையத்தில் பதிவு செய்வதுதான் குட்டி தத்தெடுப்பின் முதல் பாதி.

ஏற்கெனவே குட்டியை வாங்கி வந்து, இன்னும் தேதி வைக்காதவர்கள் யோசிக்க ஒரு விஷயம். நாய்க்குட்டி மருத்துவர் முன்னால் நிச்சயம் நிற்கும் கடைசிச் சந்தர்ப்பம், சுமார் 4 மாதத்தில் போடும் கடைசித் தடுப்பூசி. அதற்குப் பிறகு அடுத்த ஆண்டு பூஸ்டர்தான். இடையில் உடம்புக்கு ஏதாவது வந்தால் ஒழிய கிளினிக் பக்கம் போகப்போவதில்லை. ஊசி போட்ட அதே மேசையில் நின்றுகொண்டே, “டாக்டர், ஆபரேஷன் எப்போ வெச்சுக்கலாம்?” என்று கேட்டுவிடலாம். 6 மாதம் என்றாலும் சரி, ஒரு வயது என்றாலும் சரி, நாள் குறித்துக் கேட்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் கடைசி வரிக்குக் கீழே, அவர் பேனாவாலேயே அதை எழுதித் தர இடம் இருக்கும்.